வேட்டியின் வெள்ளையும் பட்டின் சிவப்பும்: ராவா, ஜேபெக்கா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா வாங்கி எட்டு மாதம் ஆகிறது. காதுகுத்து, வளைகாப்பு என்று சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களை இதுவரை ஜேபெக்கில், அதாவது கேமராவே முடித்துத் தரும் சாதாரணப் பட வடிவில், எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். இப்போது திருமங்கலத்தில் ஒரு கல்யாண ஆர்டர் வந்திருக்கிறது. ராவில், அதாவது கேமரா திருத்தாமல் பதியும் மூலக் கோப்பில், எடுத்தால்தான் படம் என்கிறார் ஒருவர். ஹார்டு டிஸ்க் நிறையும், வேலை முடியாது, ஜேபெக்கே போதும் என்கிறார் இன்னொருவர். எதில் எடுப்பது, எடுத்த பிறகு எந்த வரிசையில் எடிட் செய்வது, திரையில் பளிச்சென்று தெரிந்த படம் லேபில் அச்சடித்தால் ஏன் இருட்டாக வருகிறது. இந்த மூன்றும்தான் உங்கள் கேள்வி.

கல்யாணத்தை ராவில் எடுங்கள். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் "ரா என்றால் தரம், ஜேபெக் என்றால் மட்டம்" என்ற எண்ணத்தோடு எடுக்காதீர்கள். அப்படி நினைத்தால் எங்கே ரா தேவை, எங்கே வீண் சுமை என்று கடைசிவரை பிடிபடாது.

சென்சாரில் விழும் வெளிச்சம் வெறும் எண்கள்தான். அதைப் படமாக்க யாராவது சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். எது வெள்ளை, கான்ட்ராஸ்ட் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு அழுத்தமாக இருக்க வேண்டும், நிழலில் எதை விடலாம் என்பவை அந்த முடிவுகள். ஜேபெக்கில் எடுத்தால் ஷட்டர் மூடிய அடுத்த நொடியே கேமரா இவை அத்தனையையும் முடிவுசெய்து, தேவையில்லை என்று நினைப்பதைக் கொட்டிவிட்டுப் படத்தைக் கையில் கொடுக்கிறது. ராவில் எடுத்தால் எண்களை அப்படியே கட்டிவைத்து, "சாவகாசமாக நீயே முடிவுசெய்துகொள்" என்று விட்டுவிடுகிறது. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் நான் என்னையே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இங்கே வெளிச்சத்தைப் பற்றி இப்போதே சரியாக முடிவெடுக்க என்னால் முடியுமா, முடியாதா?

திருமங்கலத்து மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மேடையில் வீடியோக்காரரின் எல்இடி லைட். பின்னால் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் அலங்கார விளக்கு. நடுவில் ஹோமத் தீ. பக்கவாட்டு ஜன்னலில் காலை வெயில். உங்கள் பிளாஷ் வேறு. இத்தனைக்கும் நடுவில் தாலி கட்டுவது சில வினாடிகள். அதற்குள் வெள்ளைச் சமநிலையை, அதாவது அந்த வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் அமைப்பை, சரிபார்ப்பது யாராலும் ஆகாது. முடிவைத் தள்ளிப்போட வேண்டிய இடம் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, அது நம் ஊருக்கே உரியது. மாப்பிள்ளை வெள்ளைப் பட்டு வேட்டி சட்டையில் உட்கார்ந்திருப்பார். அவருடைய முகம் மாநிறம், அல்லது நல்ல கறுப்பு. ஒரே படத்தில் வேட்டியின் மடிப்பும் தெரிய வேண்டும், முகத்தின் ஒளியும் தெரிய வேண்டும். முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் வேட்டி வெள்ளைக் காகிதமாகிவிடும். வேட்டிக்கு வைத்தால் முகம் இருண்டுவிடும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிகள்தான். பெரும்பாலான கேமராக்களின் ரா 12 அல்லது 14 பிட். 14 பிட் என்றால் 16,384 படிகள். சென்சார் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் எண்ணுவதால் மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கே (வெளிச்சம் இரட்டிப்பாகும் ஒவ்வோர் அளவும் ஒரு ஸ்டாப்) அதில் பாதி, 8,192 படிகள், போய்விடும். அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048 என்று கீழே போகப்போகக் குறையும். அதனால்தான் ரொம்ப இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு தூக்கினால் ராவில்கூட முகத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வருகிறது. வேட்டியின் வெள்ளை எரிந்துபோகாத எல்லை வரை வெளிச்சத்தைக் கூட்டி எடுங்கள். பிறகு கணினியில் ஹைலைட்டை, அதாவது மிகப் பிரகாசமான பகுதியை, கொஞ்சம் இறக்கி முகத்தை மெல்ல ஏற்றினால் இரண்டும் வந்துவிடும். முழுக்க எரிந்துபோன வெள்ளையை ராவும் மீட்காது.

முகம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ஆல்பம் டிசைன் செய்பவர்களில் பலர் எல்லா முகத்தையும் வெளுக்கவைத்துத்தான் அனுப்புகிறார்கள். பெண்ணின் அம்மா, வயலிலும் வெயிலிலும் உழைத்த அந்த மனுஷி, ஆல்பத்தில் வேறு யாரோ மாதிரி இருப்பார். அப்படிச் செய்யாதீர்கள். கறுப்பான தோலில் நெற்றியிலும் கன்னத்து மேட்டிலும் விழும் ஒளிதான் அந்த முகத்தின் அழகு. ராவில் 14 பிட் இருப்பது அந்த ஒளியைக் காப்பாற்றத்தான். வெளுக்கவைப்பதற்கு 8 பிட்டே தாராளம்.

அடுத்து, பட்டின் சிவப்பு. அரக்குச் சிவப்பில் முகூர்த்தப் பட்டு, மஞ்சள் விளக்கு வெளிச்சம். கேமராவின் பின்திரையில் படம் அற்புதமாக இருக்கும். இருட்டு முதல் வெளிச்சம் வரை எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் நடுவில் நிற்கும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் மடிப்பும் இல்லை, ஜரிகைப் புட்டாவைச் சுற்றியிருந்த நெசவும் இல்லை. சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்ட மாதிரி ஒரே திட்டு. என்ன நடந்தது? பொதுவான ஹிஸ்டோகிராம் மூன்று நிறத்தையும் சேர்த்துத்தான் காட்டும். பச்சையும் நீலமும் தாழ்ந்திருக்க, சிவப்பு மட்டும் உச்சமான 255-இல் முட்டி நின்றிருக்கிறது. பளிச்சென்று இருக்கட்டும் என்று, நிறத்தை அழுத்திக் காட்டும் விவிட் என்ற பட பாணியை வேறு கேமராவில் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஜேபெக்கில் இது போனது போனதுதான். ராவில் பெரும்பாலும் சிவப்பு அந்த அளவுக்கு முட்டியிருக்காது. வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்து, நிறச் செறிவைக் கொஞ்சம் குறைத்ததும் மடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த வேலையில் எனக்கு இன்றைக்கும் சலிக்காத காட்சி அது. ஆகவே கேமராவில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, ராவில் எடுத்தாலும் கேமராவில் தெரியும் ஹிஸ்டோகிராம் அதன் உள்ளே உருவாகும் ஜேபெக்கை வைத்துத்தான் வரையப்படுகிறது. எனவே பட பாணியை நியூட்ரலில் போட்டுவிடுங்கள். அப்போதுதான் அந்த வரைபடம் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

நம்ம ஊர் சுங்குடிப் புடவையிலும் இதே மாதிரி ஒரு நுணுக்கம் உண்டு. ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. வெளிச்ச விவரத்தைக் கவனமாக வைத்துக்கொண்டு, நிற விவரத்தைப் பெரும்பாலும் குறைத்துவிடும். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியாது. ஆனால் சிவப்பில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் சுங்குடியில், தூரத்திலிருந்து எடுத்த படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் புள்ளியின் ஓரத்தில் நிறம் கசிந்திருப்பது தெரியும். கடைக்காரர்கள் புடவைப் படம் கேட்டால் ராவில் எடுத்து, தரம் குறையாத டிஃப் கோப்பாக மாற்றி, கடைசியில் ஒரே ஒருமுறை ஜேபெக் ஆக்கிக் கொடுங்கள்.

ராவில் எடுக்கும்படி நான் மாறியதற்குக் காரணமான நாளையும் சொல்லிவிடுகிறேன். சித்ரா பௌர்ணமி, அழகர் ஆற்றில் இறங்கும் காலை. முதல் நாள் இரவு ஒரு மண்டபத்தில் எடுத்துவிட்டு, வெள்ளைச் சமநிலை டங்ஸ்டனில், அதாவது குண்டு பல்பு வெளிச்சத்துக்கான அமைப்பில், இருப்பதை மறந்து அப்படியே வைகைக்குப் போய்விட்டேன். விடிகிற நேரம். தங்கக் குதிரையில் அழகர், எதிரே சர்க்கரைச் சொம்பில் தீபம் ஏந்திய பெண்கள், தோல் பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் கூட்டம். லென்ஸில் தண்ணீர் படாமல் காப்பதிலேயே என் கவனம் முழுவதும் இருந்தது. ஜேபெக்கில் எடுத்த அத்தனை படமும் நீலம். கணினியில் நீலத்தைக் குறைத்தேன். நீலத்தின் அளவு ஏற்கெனவே உச்சத்தில் முட்டி நின்றதால் வானம் சாம்பலாகத் திட்டுத்திட்டாக உடைந்தது. சிவப்பை ஏற்றினால் புள்ளிகள் கிளம்பின. தங்கக் குதிரை பித்தளையைவிட மங்கலாக வந்தது. அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி இறங்குகிறார் என்று பார்க்கத்தானே ஊரே காத்துக் கிடக்கிறது? அந்தப் பட்டின் நிறமே என் படத்தில் தவறு. ராவில் எடுத்திருந்தால் வெள்ளைச் சமநிலை வெறும் குறிப்பாகத்தான் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். ஒரு சொடுக்கில் மாற்றியிருக்கலாம், படத்துக்கு எந்தச் சேதமும் இருந்திருக்காது.

சரி, ஜேபெக் எங்கே சரி? ஜல்லிக்கட்டில். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் எதுவானாலும் வெட்டவெளியில் பகல் வெயில், வெளிச்சம் அதிகம் மாறாது. வாடிவாசலில் காளை வெளியே வந்து வீரர் அதன் திமிலைப் பிடிக்கும் அந்த ஓரிரு வினாடியில் கேமரா தொடர்ந்து சுட வேண்டும். ராவில் எடுத்தால் பல கேமராக்களில் தற்காலிக நினைவகம் சீக்கிரம் நிறைந்து, நடுவில் ஷட்டர் திக்கும். காளை திரும்பிக் குத்தவரும் நொடியில் கேமரா மூச்சு வாங்கினால் என்ன பயன்? வெளிச்சத்தை முன்கூட்டியே கணித்துவிடலாம் என்பதால் இங்கே ஜேபெக் போதும். செய்திக்கு எடுப்பவர்களுக்கு வேகத்தோடு நம்பகத்தன்மையும் சேர்ந்துகொள்கிறது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2015-இல் தன் ஃப்ரீலான்ஸ் படக்காரர்களிடம், கேமராவிலேயே ஜேபெக்காகப் பதிவான படங்களை மட்டும் அனுப்பச் சொன்னது. ராவிலிருந்து உருவாக்கியவை வேண்டாம் என்றது.

திருமலை நாயக்கர் மகால் மாதிரி இடங்களில் மறுபடியும் ரா. தூண்களுக்கு உள்ளே இருட்டு, முற்றத்தில் சுடுவெயில். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டையும் சேர்த்து எடுக்கும் ரா பிளஸ் ஜேபெக் வசதி உங்கள் கேமராவில் இருக்கும். முதல் ஐந்தாறு விசேஷத்துக்கு அதையே வையுங்கள். இடம் அதிகம் பிடிக்கும், ஆனால் ஒரு நன்மை உண்டு. ராவை முதல்முறை லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் திறக்கும்போது படம் வெளிறிப்போய் மந்தமாக இருக்கும். "இதுக்கா இவ்வளவு?" என்று தோன்றும். கேமரா தானாகச் சேர்த்துவந்த கான்ட்ராஸ்ட், செறிவு, கூர்மை எல்லாம் அதே அளவில் அதில் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான். பக்கத்திலேயே அதே படத்தின் ஜேபெக் இருந்தால், கேமரா என்னென்ன செய்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்கலாம்.

இப்போது வேலையின் வரிசை. மண்டபத்திலிருந்து வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், கார்டிலிருந்து இரண்டு தனித்தனி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டுப் படுங்கள். படம் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம். இரண்டு நகலும் திறக்கிறதா என்று சரிபார்த்த பிறகே கார்டைக் கேமராவில் போட்டு ஃபார்மட் செய்ய வேண்டும். ஒரு டிஸ்க் உங்கள் வீட்டில், இன்னொன்று அண்ணன் வீட்டிலோ மாமா வீட்டிலோ இருக்கட்டும். ஃபோல்டர் பெயரை ஆண்டு, மாதம், தேதி, ஊர் என்ற வரிசையில் வைத்தால் கணினி தானே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும்.

அப்புறம் கழிக்கும் வேலை. ராவை ஒவ்வொன்றாக லைட்ரூமில் விரித்துப் பார்த்தால் விடிந்துவிடும். ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் ஒரு சின்ன ஜேபெக் பொதிந்திருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்காட்டும் மென்பொருளில் பார்த்தால் மூவாயிரம் படத்தையும் வேகமாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். கண் மூடியது, ஃபோகஸ் தவறியது, ஒரே மாதிரி ஏழெட்டு இருப்பது எல்லாம் இங்கேயே போகட்டும். ஆனால் மேடையோரம் தனியாக உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டி படம் சுமாராக இருந்தாலும் கழிக்காதீர்கள். சில வருடம் கழித்து அந்த வீட்டார் தேடுவது அதைத்தான்.

மிஞ்சியதை வெளிச்சத்தின்படி பிரியுங்கள்: வாசல், மேடை, பந்தி, மாலை வரவேற்பு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு படத்தை எடுத்து அதை மட்டும் முழுமையாகச் சரிசெய்யுங்கள். முதலில் வெள்ளைச் சமநிலை. வேட்டியையே அளவாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பட்டு வேட்டி இயல்பிலேயே கொஞ்சம் மஞ்சள் கலந்தது என்பதை மறக்கக் கூடாது. பிறகு மொத்த வெளிச்சம், அடுத்து ஹைலைட்டும் நிழலும், கடைசியாக நிறம். இந்த வரிசை ஏன் முக்கியம்? வெள்ளைச் சமநிலை மாறினால் ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சமும் மாறும். முதலில் நிறத்தைத் திருத்திவிட்டு அப்புறம் அதைத் தொட்டால், செய்ததை எல்லாம் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அந்த ஒரு படம் மனதுக்குச் சரி என்று பட்டதும் அதே அமைப்பை அந்தக் குழு முழுவதுக்கும் ஒட்டிவிடலாம். லைட்ரூமுக்குப் பணம் கட்ட இப்போது முடியாது என்றால் டார்க்டேபிள், ராதெரபி என்ற மென்பொருள்கள் இலவசம். பழகக் கொஞ்ச நாள் ஆகும், வேலையில் குறை வைக்காது. இவை எதுவும் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. என்ன மாற்றம் என்ற குறிப்பை மட்டும் தனியாக எழுதிவைத்துக்கொள்ளும். எனவே டிஸ்க்கை நகல் எடுக்கும்போது லைட்ரூமின் கேட்டலாக், அல்லது படத்தின் பக்கத்தில் கிடக்கும் எக்ஸ்எம்பி போன்ற குறிப்புக் கோப்பு, இவற்றையும் சேர்த்து எடுங்கள். அதை விட்டுவிட்டால் பத்து நாள் உழைப்பு போய்விடும், வெறும் ரா மட்டும் மிஞ்சும்.

ஃபோட்டோஷாப்புக்கு எல்லாப் படமும் போக வேண்டியதில்லை. பின்னால் தொங்கும் ஒயரை எடுக்க வேண்டிய படம், பெரிதாகப் பிரேம் போடப்போகும் படம், இப்படிச் சிலது போதும். அவற்றை 16 பிட் டிஃப் அல்லது ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஆகச் சேமியுங்கள். 24 மெகாபிக்சல் படம் 16 பிட் டிஃப் ஆனால் சுருக்காத நிலையில் சுமார் 144 எம்பி வரும். அதனால்தான் சிலதுக்கு மட்டும் என்கிறேன். நடுவில் ஜேபெக்காகச் சேமித்து, மறுபடி திறந்து, திருத்தி, மறுபடி சேமிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். வெறுமனே திறந்து பார்ப்பதாலோ காப்பி செய்வதாலோ தேய்வதில்லை, அந்தப் பயம் வேண்டாம்.

லேபுக்கு வருவோம். 12-க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட்டை 300 டிபிஐ-இல், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில், வைத்தால் 3600-க்கு 10800 பிக்சல். டிசைன் முடிந்ததும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (எந்த எண் எந்த நிறம் என்று சொல்லும் அளவுகோல்தான் நிறவெளி) உயர்ந்த தரத்தில் ஜேபெக் ஆக்கிக் கொடுங்கள். அடோபி ஆர்ஜிபி-யில் கொடுத்து லேபில் அதைக் கவனிக்காமல் அச்சடித்தால் பட்டெல்லாம் சாயம் போன மாதிரி வரும். வேறு நிறவெளி வேண்டுமா என்று லேபிலேயே கேட்டுவிடுவது நல்லது. இருட்டாக வருவதற்கான காரணம் பெரும்பாலும் லேபில் இல்லை, உங்கள் திரையில் இருக்கிறது. திரை தானே ஒளிவிடுவது, காகிதம் அறை வெளிச்சத்தில் பார்ப்பது. திரையின் பிரகாசத்தை முழுதாக ஏற்றி வைத்து எடிட் செய்தால், கண்ணுக்குக் கூசாமல் இருக்கப் படத்தை இறக்கிக்கொண்டே போவீர்கள். அது காகிதத்தில் இருட்டாகத்தான் வரும். அச்சுக்கு வேலை செய்பவர்கள் திரையின் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா அளவில் வைப்பார்கள். அளக்கும் கருவி இல்லையென்றால், திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசமாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். விலை அதிகமில்லாத திருத்தம் இதுதான்.

வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். பெண் வீட்டார் ஐபோனில் எடுத்த படத்தை ஆல்பத்தில் சேர்க்கக் கேட்டால் அது பெரும்பாலும் ஹெச்ஐசி-யாக இருக்கும். ஐபோனின் இந்தப் பட வடிவம் 2017-இல் ஐஓஎஸ் 11-உடன் வந்தது. நல்ல வடிவம்தான், ஆனால் பழைய கணினிகளில் திறக்காது, ஜேபெக்காக மாற்றிக் கேளுங்கள்.

இடத்தைப் பற்றிய கவலைக்கு ஒரு கணக்கு. உங்கள் கேமராவில் சேதமில்லாமல் சுருக்கும் ரா இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு படம் தோராயமாக 30 எம்பி என்று வைத்தால் மூவாயிரம் படத்துக்கு 90 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் பதினொரு கல்யாணம். ஆல்பம் கொடுத்த பிறகு கழித்தவற்றை அழித்துவிட்டால் இருபதுக்கு மேல் வரும். கூலி பேசும்போதே இரண்டு டிஸ்க்கின் விலையில் ஒரு பங்கைச் சேர்த்துப் பேசுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்குங்கள். அம்மாவை அவர்களுடைய கல்யாணப் பட்டிலும் அப்பாவை வெள்ளை வேட்டியிலும் சாயங்காலம் நாலரை மணி வாக்கில் திண்ணையில் உட்காரவைத்து, ரா பிளஸ் ஜேபெக்கில் பத்துப் படம் எடுங்கள். வீட்டுக்குள் குண்டு பல்பு வெளிச்சத்தில் இன்னொரு பத்து. ராவைத் திருத்தி ஒன்று, கேமரா ஜேபெக் அப்படியே ஒன்று என்று நாலு படத்தை, ஆல்பம் போடப்போகும் அதே லேபில் 8-க்கு 12 அச்சடித்து வாங்கிவந்து, பகல் வெளிச்சத்தில் அந்தப் புடவையின் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். எது தன் புடவையின் நிறம் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.